ஓடுபாதைக் காவலர் ஆர்ச்சி லீக்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே மிசிசிப்பி என்னும் பேராறு வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கின்றது. அதன் மேற்குக் கரையில் அமைந்த பெருநகர் செயின்ட் லூயி. ஆற்றுத்துறை நகராகத் தோன்றி, பின்னர் இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் இடமாக வளர்ந்த அந்நகரம், விமானப் போக்குவரத்திலும் பின்தங்கியிருக்க விரும்பவில்லை. பலூனிலும் விமானத்திலும் பறந்து பழகிய ஆல்பர்ட் பாண்ட் லாம்பெர்ட் என்பார் நகருக்கு வெளியே ஒரு விமானத் திடலைப் பேணி வளர்த்துவந்தார். அதனை நகராட்சி 1928ஆம் ஆண்டு தனதாக்கிக்கொண்டது. லாம்பெர்ட் திடல் என்பதே அதன் பெயராய் நிலைத்தது.

இத்திடலுக்கு அதற்கு முன்னரே ஒரு பெருமை உண்டு. இங்கிருந்து சிக்காகோ நகருக்கு 1926இல் அஞ்சல் மூட்டைகளை ஏற்றிச்சென்ற விமானிகளுள் சார்லஸ் லிண்ட்பெர்க் என்னும் இளைஞரும் ஒருவர். அடுத்த ஆண்டு மே திங்களில் அவர் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியொருவராய், இடைநில்லாமல் கடந்தார். அவருக்குப் பொருளுதவி செய்தவர்கள் செயின்ட் லூயியைச் சேர்ந்தவர்களாதலின், அவருடைய விமானம் அந்நகரின் பெயரையே தாங்கியிருந்தது. அந்த ஒரு பயணத்திற்குப்பின் அமெரிக்க மக்களை விமான ஆர்வம் பற்றிக்கொண்டது. லாம்பெர்ட் திடலில் அஞ்சல் விமானங்கள் இறங்கின. பயணிகள் விமானங்கள் இறங்கின. படைப்பிரிவின் விமானங்களும், பறக்கக் கற்கும் மாணவர்களின் விமானங்களும் அதே புல்வெளியில் இறங்கின. எது முந்துவது, எது பிந்துவது என்று சொல்வார் ஒருவரும் இல்லை.

இந்நிலையில் உள்ள இடரை உணர வேண்டுமாயின், அக்காலத்து விமானம் எவ்வாறு தரையிறங்கியது என்பதை அறிதல் வேண்டும். விமானம் காற்றை எதிர்த்தே இறங்கவேண்டும். காற்றை எதிர்த்தே எழவும்வேண்டும். எதிர்க்காற்று வீசும்போது சிறகுகளைத் தாங்கும் விசை எளிதில் கிடைக்கும். தரையைத் தொடும் வேகமும் குறையும். ஆகவே காற்று மேற்கிலிருந்து வீசினால், அந்நேரத்தில் வரும் விமானங்கள் அனைத்தும் திடலின் கிழக்கு எல்லையை நோக்கியே வந்து குவியும். வானம் எவ்வளவு பரந்ததாயினும், இறங்கும் வாயில் ஒன்றே. திருவிழாக் கூட்டம் நாற்புறத் தெருக்களிலிருந்தும் வந்து ஒரே கோபுர வாயிலில் நெருக்குவதைப் போன்றது இது. ஆனால் வாயிலில் நெருக்குண்ட மனிதன் சற்றே நிற்கலாம். விமானம் வானில் நிற்க இயலாது. மேலும், அக்கால விமானங்கள் பலவற்றில் சக்கரங்களுக்குத் தடை இல்லை. தரையில் ஓடும்போது வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்திருந்தமையால், விமானிக்குத் தன் நேர் எதிரே இருப்பது தெரியாது. மேலிருந்து இறங்குபவரும் தமக்குக் கீழே இன்னொருவர் இறங்குவதைக் காணமாட்டார். ஒருவர்மீது ஒருவர் வந்து வீழ இவை போதாவா?

இந்த நெருக்கடியை ஒழுங்குசெய்ய நகரத்தார் 1929ஆம் ஆண்டு ஓர் இளைஞரைப் பணியில் அமர்த்தினர். அவரே ஆர்ச்சி லீக்.

லீக், மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள பாப்லர் பிளஃப் என்னும் ஊரில் 1907ஆம் ஆண்டு பிறந்தார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. எனவே விமானமும் அவரும் ஏறக்குறைய ஒரே வயதினர் எனலாம். அவர் இளமையிலேயே விமானம் ஓட்டக் கற்றார். பொறி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் பெற்றார். பின்னர் மிசௌரி, இல்லினாய் மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று வானில் வித்தை காட்டும் குழுவொன்றை நடத்திவந்தார். அத்தகைய விமானிகள் அந்நாளில் பலர் இருந்தனர். ஊர்ப்புறத்து மேய்ச்சல் நிலத்தில் இறங்குவர். வானில் கரணம் போட்டுக் காட்டுவர். சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு ஊராரை ஏற்றிச் சுற்றிவருவர். இது நிலையான வருவாய் தரும் பிழைப்பன்று. எனினும் காற்றின் போக்கையும் மண்ணின் இயல்பையும் பிற விமானிகளின் துடுக்கையும் நேரில் கற்பித்த பள்ளி அது. பின்னாளில் லீக்கின் கையில் கொடி ஏறியபோது, எதிரே வரும் விமானி என்ன நினைப்பார் என்பதை அவரால் உய்த்துணர முடிந்தது என்றால், அது இப்பள்ளியில் பெற்ற அறிவே.

லீக்குக்கு அலுவலகம் இல்லை, கோபுரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றே அவருடைய அலுவலகம். காலையில் அவ்வண்டியில் ஒரு நாற்காலி, கடற்கரையில் நிழலுக்கு நாட்டும் பெருங்குடை, குறிப்பேடு, பகலுணவு, குடிநீர் ஆகியவற்றை ஏற்றுவார். அவற்றுடன் இரண்டு கொடிகளையும் வைத்துக்கொள்வார். வண்டியை உருட்டிக்கொண்டு ஓடுபாதையின் முனைக்குச் செல்வார்; குடையை நாட்டி அதன் நிழலில் அமர்வார். காற்று திசைமாறினால் விமானங்கள் இறங்கும் முனையும் மாறும். ஆதலால் சக்கரம் வைத்த அலுவலகமே அப்பணிக்கு ஏற்றதாயிற்று. வெயிற்காலத்தில் குடை காத்தது. மாரிக்காலத்தில் அந்நாட்டுப் பனிக்காற்றினின்று தப்பப் பஞ்சடைத்த விமானி உடையை அணிந்துகொண்டு வெட்டவெளியில் நின்றார்.

கொடிகளுள் ஒன்று சிவப்பு. மற்றொன்று கட்டம் போட்டது. சிவப்புக் கொடியை அசைத்தால் விமானி காத்திருக்கவேண்டும். கட்டக் கொடியை அசைத்தால் செல்லலாம். முறை இவ்வளவே. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு எளிதன்று. தொலைவில் புள்ளியாய்த் தோன்றும் விமானம் எவ்வளவு வேகத்தில் வருகின்றது, இறங்கிய விமானம் எவ்வளவு நேரத்தில் பாதையை விட்டு விலகும், அதற்குள் ஒன்றை மேலெழச் செய்யலாமா என்பனவற்றை எல்லாம் கண்ணாலேயே அளந்து, சில நொடிகளுக்குள் முடிவுசெய்யவேண்டும். தவறினால் திருத்திக்கொள்ள நேரமில்லை.

இக்கொடிகளுக்குக் கட்டுப்படுவதில் சில விமானிகளுக்கு முதலில் மனக்குறை இருந்திருந்தால் அது வியப்பன்று. தாமே தலைவராய் வானில் திரிந்தவர்கள் அவர்கள். ஆயினும் ஓடுபாதை எவருக்கும் தனியுரிமையன்று என்னும் கருத்து மெல்ல மெல்ல வேரூன்றியது. ஒரு நேரத்தில் ஓடுபாதை ஒரே விமானத்திற்குரியது. அது எந்த விமானம் என்பதை விமானி அல்லாத ஒருவர் தரையிலிருந்து கூறவேண்டும். இன்று உலகெங்கும் விமான நிலையங்கள் இக்கருத்தின்மேலேதான் இயங்குகின்றன. அதற்கு அமெரிக்க மண்ணில் உருவம் கொடுத்தவர்களுள் முதல்வராக லீக் போற்றப்படுகின்றார்.

அமெரிக்க மண்ணில் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் விமான நிலையத்தில் 1920ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. ஆகவே உலகிலேயே முதல்வர் என்று லீக்கைச் சிலர் புகழ்வது மிகை. அப்பெருமை இல்லாமலே அவர் புகழுக்குரியவர்.

கொடியில் ஒரு பெருங்குறை இருந்தது. அது பேசாது, எவரை நோக்கி அசைக்கப்படுகின்றது என்பதையும் காட்டாது. இரண்டு விமானங்கள் ஒரே திசையிலிருந்து வரும்போது கட்டக் கொடி அசைந்தால், அஃது எனக்கே என்று இருவருமே எண்ணலாம். கொடியைக் காட்டியவர் ஒன்றை நினைக்க, கண்டவர் வேறொன்றைக் கொள்ளலாம். இருளிலும் மூடுபனியிலும் கொடி பயன்படவே படாது. இக்குறையை நீக்கும் முயற்சியே பிற்கால வரலாறு முழுவதும் எனலாம்.

கொடிக்கு அடுத்து விளக்கு வந்தது. துப்பாக்கிபோல் குறிவைத்துப் பிடிக்கத்தக்க ஒளிவிளக்கு அது. அதன் ஒளிக்கற்றை குறுகியது. எவ்விமானத்தை நோக்கிப் பாய்ச்சப்படுகின்றதோ அவ்விமானிக்கே தெளிவாகத் தெரியும். பச்சை ஒளி இசைவு தரும். சிவப்பு ஒளி தடுக்கும். கொடியால் இயலாத தனிக்குறிப்பு விளக்கால் இயன்றது. இவ்விளக்கு மறைந்துவிடவில்லை. வானொலிக் கருவி பழுதுற்ற விமானத்திற்கு வழிகாட்டுவதற்காகக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் இன்றும் அது வைக்கப்பட்டிருக்கின்றது.

விளக்கும் ஒருவழிக் குறிப்பே. விமானி மறுமொழி சொல்ல அதில் இடமில்லை. 1930ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகர விமான நிலையத்தில் வானொலிக் கருவி பொருத்திய கோபுரம் எழுந்தது. சில ஆண்டுகளில் செயின்ட் லூயியிலும் அத்தகைய கோபுரம் அமைந்தபோது, வெட்டவெளியில் நின்ற லீக் அதன்மேல் ஏறினார். அந்நிலையத்தின் முதல் வானொலிக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆனார். தள்ளுவண்டிக்கு ஓய்வு கிடைத்தது. விமானியும் தரையிலிருப்பவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காலம் பிறந்தது. கூறிய கட்டளையை விமானி திருப்பிக் கூறவேண்டும், அதைக் கேட்டுச் சரிபார்த்த பின்னரே கட்டளை முழுமைபெறும் என்னும் வழக்கம் பின்னர் உருவாயிற்று. எளிய வழக்கந்தான், ஆனால் அதனால் காக்கப்பட்ட உயிர்களை யாரால் எண்ணமுடியும்!

லீக் தம் தொழிலில் கிடைத்த பட்டறிவோடு நின்றுவிடவில்லை. செயின்ட் லூயியில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று விமானப் பொறியியலில் பட்டம் பெற்றார். வித்தை காட்டிய இளைஞர் பொறியியல் பட்டதாரியாய் உயர்ந்தது அவருடைய விடாமுயற்சியைக் காட்டுகின்றது.

இதற்கிடையே சிக்கல் விமானத் திடலைவிட்டு வானத்திற்கும் பரவியது. நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் பெருகின. முகிலுக்குள் பறக்கும் கருவிகளும் வந்தன. முகிலுக்குள் ஒருவரையொருவர் காண்பது எங்ஙனம்? விமானக் கம்பெனிகளே ஒன்றுசேர்ந்து 1935ஆம் ஆண்டு டிசம்பரில் நியூவார்க் நகரில் வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றை நிறுவின. அடுத்த ஆண்டு ஜூலை 6ஆம் நாள் நியூவார்க், சிக்காகோ, கிளீவ்லாந்து ஆகிய மூன்று நிலையங்களையும் நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த கருவிகளைக் கேட்டால் இன்று நகைப்பு வரும். மேசைமேல் ஒரு நிலப்படம், சுவரில் ஒரு கரும்பலகை, கையில் தொலைபேசி. ஒவ்வொரு விமானத்தையும் குறிக்கும் சிறு துண்டு ஒன்றைப் படத்தின்மேல் வைத்து, நேரத்தைக் கணக்கிட்டுச் சிறிது சிறிதாக நகர்த்துவர். அலுவலர் விமானியோடு நேரே பேச இயலாது. கம்பெனி அலுவலகத்திற்குத் தொலைபேசியில் சொல்ல, அவர்கள் வானொலி வழியே விமானிக்கு அறிவிப்பர்.

1937ஆம் ஆண்டு லீக் இந்த நடுவண் அரசுப் பணியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது படையில் பணியாற்றிக் கர்னல் பதவிவரை உயர்ந்தார். போர் முடிந்ததும் தம் பழைய துறைக்கே திரும்பினார்.

போர் ஒரு புதிய கருவியை அளித்திருந்தது. அதுவே ரேடார். மின்காந்த அலையை அனுப்பி, அது விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவையும் திசையையும் அறியும் கருவி அது. கண்ணால் அளந்த காலம் போய், இருளிலும் முகிலிலும் விமானம் இருக்கும் இடத்தைத் திரையில் காணும் காலம் வந்தது. ஆயினும் கருவிகள் போதிய அளவில் எல்லா இடங்களுக்கும் எட்டவில்லை. மேற்கு மாநிலங்களின் அகன்ற வானம் பெரும்பாலும் காவலின்றிக் கிடந்தது. 1956ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் புறப்பட்ட இரண்டு பெரிய பயணி விமானங்கள், கிராண்ட் கேன்யன் என்னும் ஆழ்பள்ளத்தாக்கின்மேல் ஒன்றோடொன்று மோதின. இரண்டிலும் இருந்த 128 பேரும் மாண்டனர். மோதிய இடத்தில் இவ்விரண்டையும் பிரித்துவைக்கும் பொறுப்பு எந்த அலுவலருக்கும் இல்லை. ஒருவரையொருவர் கண்டு விலகிக்கொள்ளவேண்டியவர்கள் விமானிகளே. பழைய புல்வெளி முறை ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இன்னும் உயிரோடிருந்தது என்பதை நாடு அன்றுதான் உணர்ந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். 1958ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, வான்போக்குவரத்தை முழுமையாகக் காக்கும் நடுவண் விமான நிறுவனம் தோன்றியது.

இந்நிறுவனத்தில் லீக் படிப்படியாக உயர்ந்து, விமானப் போக்குவரத்துப் பணிகளின் இயக்குநர் ஆனார். இரண்டு கொடிகளோடு ஒற்றை ஆளாய்த் தொடங்கியவரின் பொறுப்பில் ஒரு பெருநாட்டின் கோபுரங்களும் ரேடார் நிலையங்களும் ஆயிரக்கணக்கான அலுவலர்களும் வந்துசேர்ந்தனர். 36 ஆண்டுகள் அரசுப்பணி ஆற்றி 1973இல் ஓய்வுபெற்றார். தம் தொழில் பிறந்ததையும் வளர்ந்ததையும் ஒருங்கே காணும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அவர் ஓய்வுபெற்ற நான்காம் ஆண்டில், கொடிக் காலத்துக் குறை இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டும் கொடுநிகழ்ச்சி ஒன்று நடந்தது. அட்லாண்டிக் கடலில் ஸ்பெயின் நாட்டுக்குரிய டெனரீஃப் என்னும் தீவு உள்ளது. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால், விமானங்கள் பல இத்தீவின் சிறிய நிலையத்திற்குத் திருப்பப்பட்டன. ஓடுபாதையைக் கனத்த மூடுபனி போர்த்தது. நெதர்லாந்து நாட்டுப் பெருவிமானம் ஒன்று பாதையின் ஒரு முனையில் புறப்பட ஆயத்தமாய் நின்றது. அதே பாதையின்மேல் அமெரிக்கப் பெருவிமானம் ஒன்று ஊர்ந்துவந்துகொண்டிருந்தது. கோபுரத்திலிருந்தவருக்கு இரண்டும் தெரியவில்லை, ஒருவர்க்கொருவரும் தெரியவில்லை. அந்நிலையத்தில் தரையைக் காட்டும் ரேடாரும் இல்லை. எழுந்தபின் செல்லவேண்டிய வழியைக் குறித்துக் கோபுரம் தந்த அறிவிப்பை, எழுவதற்கே தந்த இசைவாக நெதர்லாந்து விமானி கொண்டுவிட்டார். அவரைத் தடுத்திருக்கக்கூடிய இரண்டு செய்திகள் ஒரே நொடியில் பேசப்பட்டு, ஒன்றையொன்று கெடுத்து வெறும் இரைச்சலாய் ஒலித்தன. மோதலில் 583 பேர் உயிரிழந்தனர்.

வானொலியும் ரேடாரும் வந்தபின்னும், காட்டியவர் ஒன்றை நினைக்கக் கண்டவர் வேறொன்றைக் கொண்ட அதே பழைய தவறே இவ்வளவு உயிர்களைக் கொண்டது. இதன் பயனாய்ச் சொற்களுக்கு வரம்பு கட்டப்பட்டது. மேலெழுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, எழுவதற்கான இசைவைத் தரும்போதும் அதனைத் திரும்பப்பெறும்போதும் அன்றி வேறெப்போதும் கட்டுப்பாட்டு அலுவலர் கூறலாகாது என்று விதி வகுத்தனர். மற்ற இடங்களில் எல்லாம் புறப்பாடு என்னும் பொருளுடைய வேறு சொல்லே வழங்கப்படும். தரையிலும் காவல் மிகுந்தது. ஓடுபாதையில் நுழையும் இடங்களில் மஞ்சள் நிறக் கோடுகள் தீட்டப்பட்டுள்ளன. இசைவின்றி அவற்றைக் கடத்தல் கூடாது. பெரிய நிலையங்களில் அவ்விடத்தே தரையில் பதித்த சிவப்பு விளக்குகளின் வரிசையும் எரிகின்றது. லீக்கின் கைச் சிவப்புக் கொடி தரையில் விளக்காய்ப் பதிந்து, மனிதன் உறங்கினும் தான் உறங்காமல் நிற்கின்றது என்று கொள்ளலாம்.

ஆர்ச்சி லீக் 1986ஆம் ஆண்டு இயற்கை எய்தினார். அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம், அவர் பெயரால் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தி, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து வழங்கிவருகின்றது. வழிதவறிய விமானிக்கு நிதானமாய்ப் பேசி வழிகாட்டியவர்கள், தவறான பாதையில் இறங்கவிருந்த விமானத்தைத் தக்க நொடியில் தடுத்தவர்கள் போன்றோர் அதனைப் பெறுகின்றனர். லாம்பெர்ட் திடலில் எடுத்த பழைய நிழற்படங்களும் கிடைக்கின்றன. விமானத் திடலின் புல்தரையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி; அதன்மேல் விரிந்த பெருங்குடை; அருகே கொடியுடன் நிற்கும் இளைஞர்.